விபூதிக் குருவி

இது நடந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அன்று நான் குடித்திருக்கவில்லை; வாழ்நாளில் குடித்ததே இல்லை. காய்ச்சல் இல்லை. தூக்கக் கலக்கமும் இல்லை. எழுந்து முகம் கழுவித் தேத்தண்ணி குடித்துவிட்டு ஒரு மைலுக்கு மேல் நடந்திருந்தேன். தோட்டக் கந்தோரில் முப்பது வருடம் கணக்கு எழுதியவன் நான். இல்லாததை இருக்கிறது என்று எழுதி எனக்குப் பழக்கமில்லை.

1975ஆம் ஆண்டு, தை மாதம். இலங்கை மலையகத்தில், பெரகலைக்கும் கொஸ்லந்தைக்கும் இடையில் ஒரு தேயிலைத் தோட்டம். பெயர் வேண்டாம். அங்கே இன்னும் ஆட்கள் குடியிருக்கிறார்கள். அவர்களும் விடியற்காலையில் இது நடந்த பாதையால்தான் நடக்க வேண்டும்.

நானும் என் மனைவி சரோஜினியும் யாழ்ப்பாணத்திலிருந்து மலைக்கு வந்தவர்கள். பிள்ளைகள் இல்லை. வேலை முடிந்தால் மூடுபனியும் வானொலிப் பெட்டியும்தான். ஊருக்குப் போன வெள்ளைக்காரத் துரை ஒருவர் விற்றுவிட்டுப் போன சாமான்களில் ஒரு பழைய பைனாகுலர் இருந்தது. பெரகலைச் சந்தியில் கடை வைத்திருந்த இத்ரூஸ் நானா கைக்கு அது வந்து, அவரிடமிருந்து எங்கள் கைக்கு வந்தது. அன்றிலிருந்து எங்கள் இருவருக்கும் குருவிப் பைத்தியம் பிடித்தது.

கோதுமை மாத் தட்டுப்பாடு தொடங்கிய காலத்தில் எங்களைக் கண்டால் இத்ரூஸ் நானா விடமாட்டார்.

“என்ன கிளாக்கர், அந்தக் கண்ணாடியால பார்த்தா கொழும்புக்கு மாக்கப்பல் வாரது தெரியுமா?”

சரோஜினி பைனாகுலரை அவர் கடைப்பக்கம் திருப்பிப் பார்ப்பாள். “மாக்கப்பல் தெரியேல்லை நானா. நீங்கள் பின்னறைக்குள்ள ஒளிச்சு வைச்சிருக்கிற சீனி மூட்டைதான் தெரியுது.”

சந்தியே சிரிக்கும்.

பைனாகுலர் ஒன்று, ஆட்கள் இரண்டு. அதனால் எங்களுக்குள் ஒரு முறை இருந்தது. ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கும்போது மற்றவர் பேசக்கூடாது. பேசினால் குருவி போய்விடும். தனக்கு வேண்டுமென்றால் தோளில் இரண்டு விரலால் மெதுவாகத் தட்ட வேண்டும். உடனே கொடுத்துவிட வேண்டும். சரோஜினிக்கு வலது கண்ணில் பார்வை குறைவு. அவள் பார்ப்பதற்கு வலப்பக்கத்து வளையத்தை ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும். திரும்ப என்னிடம் வரும்போது எல்லாம் கலங்கித் தெரியும். நான் முணுமுணுத்துக்கொண்டே பழையபடி திருப்புவேன். ஒவ்வொரு தடவையும் இதே கதைதான்.

மூன்றாவது ஆள் பிரவுனி. அவள் ஒரு நாட்டு நாய். மண் நிறம், ஒரு காது மடிந்திருக்கும். தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்திலிருந்து நிரந்தரமாக இந்தியாவுக்குப் பயணம் போன ஒரு குடும்பம் அவளை விட்டுவிட்டுப் போனது. நாலைந்து நாள் அவர்களுடைய பூட்டிய காம்பரா வீட்டு வாசலில் கிடந்துவிட்டு, ஒரு நாள் சரோஜினியின் பின்னால் நடந்து எங்கள் வீட்டுக்கு வந்தாள். பிறகு சரோஜினி எங்கே போனாலும் பின்னாலேயே போவாள். என்னை அவள் பொறுத்துக்கொண்டாள், அவ்வளவுதான்.

மார்கழி பிறந்தால் வடக்கிலிருந்து குருவிகள் வரும். வாலாட்டிகள் வரும். ஆறுமணிக் குருவி வரும். விடியவும் பொழுதுபடவும் மட்டும் கூப்பிடும். இமயமலைப் பக்கமிருந்து ஒரு குருவி வருவதாகப் புத்தகத்தில் படித்திருந்தோம். உடம்பெல்லாம் கறுப்பும் வெள்ளையும். கண்ணுக்கு மேலே பட்டையாக ஒரு வெள்ளைக் கோடு. தமிழில் அதற்குப் பெயர் தெரியவில்லை. “நெத்தியில விபூதி பூசினமாதிரி இருக்கு” என்று சரோஜினி அதற்கு விபூதிக் குருவி என்று பெயர் வைத்தாள்.

ஆறு மாரி காலம் தேடினோம். தோட்டத்தின் மேற்பிரிவான மேல் கணக்குக்கு அப்பால், ஓடை காட்டுக்குள் இறங்கும் பள்ளத்தில் அது இருந்தது. சருகைக் கிளறும் சத்தம் கேட்கும். பார்க்க மட்டும் கிடைக்கவில்லை. காரணம் பிரவுனி. நிலத்தில் மேய்கிற குருவிக்கு நாய் என்றால் ஆகாது. அவள் மூச்சு விட்டாலே போதும், பறந்துவிடும்.

“ஒருநாளைக்கு நாயைக் கட்டிப்போட்டுட்டு வருவமே” என்பேன்.

“அவளை அழவிட்டுட்டு வந்து பாக்கிற குருவி எனக்கு வேண்டாமப்பா.”

அதோடு பேச்சு முடிந்துவிடும்.

1973 ஆவணியில் சரோஜினி போய்விட்டாள். வயிற்றில் கட்டி. பதுளை ஆஸ்பத்திரியில் மூன்று கிழமை. கடைசியில் பேசமுடிந்த நாளில், “வாற தைக்கு அந்தக் குருவியைப் பாப்பம்” என்றாள். பிறகு பேசவில்லை.

அந்த மாரி காலம் நான் பைனாகுலரைத் தொடவில்லை. முதல் வருடத்து ஆட்டைத் திவசம் முடிந்தது. ஊருக்கு வந்துவிடச் சொல்லி அண்ணன் எழுதினார். நான் போகவில்லை. காரணத்தை அவருக்கு எழுதவும் இல்லை. இங்கே எழுதுகிறேன். அவள் ஒரு தடவை வருவாள் என்று நான் காத்துக்கொண்டிருந்தேன். இரவில் குசினிக் கதவுக்குத் தாழ்ப்பாள் போடமாட்டேன். ஒரு தடவை போதும். என்னையும் கூட்டிக்கொண்டு போனாலும் சரி.

பிரவுனியும் அப்படித்தான் இருந்தாள் என்று நினைக்கிறேன். வீட்டுக்குள் வருவதை விட்டுவிட்டாள். பின்பக்கத்து விறகுக் கொட்டகையில்தான் படுக்கை. அந்தத் தையில் அவளுக்குப் பன்னிரண்டு வயதிருக்கும். நடந்தால் ஒரு பின்கால் இழுபடும். ஒரு கிழமையாகச் சாப்பாட்டில் வாய் வைக்கவில்லை.

காலையில் பால் கொண்டுவரும் இராக்கம்மா பார்த்துவிட்டுச் சொன்னாள்: “வயசாயிருச்சி ஐயா. அதுக்கு மனசும் சரியில்ல. ஒங்களுக்கு மட்டும் நல்லா இருக்கா? போயி நாலு குருவியப் பாருங்க. முந்தி அட்டைக்குச் சாப்பாடு போட்டுட்டு வருவீங்கல்ல, இப்ப அதுங்களும் பட்டினி கெடக்குதுங்க.”

சரோஜினி போன பிறகு நான் சிரித்தது அன்றுதான். அடுத்த நாளே போவது என்று தீர்மானித்தேன். அவள் பார்க்காமல் போன அந்தக் குருவியை நானாவது பார்த்துவிட வேண்டும். பார்த்துவிட்டு, அங்கேயே நின்று அவளிடம் சொல்ல வேண்டும்.

காலை ஐந்தேகாலுக்கு வெளியே வந்தேன். நல்ல பனி. பிரவுனியைக் கூப்பிடுவதா வேண்டாமா என்று யோசித்தேன். நோயாளி நாய். ஆனாலும் மனம் கேட்கவில்லை. கொட்டகைப் பக்கம் பார்த்து விசில் அடித்தேன்.

கொட்டகையிலிருந்து அவள் வரவில்லை.

படலையடியில் நின்றிருந்தாள். படலைக்கு வெளியே.

எப்போது போனாள் என்று நினைத்தேன். பக்கத்தில் போனதும் நடக்கத் தொடங்கினாள். நடை நன்றாக இருந்தது. பின்கால் இழுபடவில்லை. சந்தோஷப்பட்டேன். உண்மையாகவே சந்தோஷப்பட்டேன்.

லயத்தைக் கடக்க வேண்டும். லயத்து நாய்களுக்கும் பிரவுனிக்கும் என்றைக்கும் ஆகாது. நாலு வீடு தாண்டுவதற்குள் குரைத்து ஊரையே எழுப்பிவிடும். அன்று ஒரு குரல் இல்லை. கடைசிக் காம்பரா வாசலில் ஒரு கறுப்பு நாய் எழுந்து நின்றது. எங்களைப் பார்த்தது. வயிறு நிலத்தில் படப் பதுங்கியது. அப்படியே பின்பக்கமாக நகர்ந்து வாசலுக்குள் போய்விட்டது.

லயத்துக்கு மேலே மாட்டு வண்டி போகும் கறத்தை ரோடு. அகலமான பாதை. பிரவுனி எனக்கு வலப்பக்கத்தில் வந்தாள். ஆனால் என்னை ஒட்டி வரவில்லை. நான் நடுவுக்கு வந்தால் அவள் ஓரத்துக்குப் போனாள். நான் ஓரத்துக்கு வந்தால் அவள் தண்ணீர் ஓடும் கானுக்குள் இறங்கி நடந்தாள். எங்களுக்கிடையில் எப்போதும் ஒரே அளவு இடம் இருந்தது.

ஒரு ஆள் நடக்கிற இடம்.

ஒன்றிரண்டு தடவை அவள் தலையைத் தூக்கிப் பார்த்தாள். என்னை அல்ல. அந்த இடத்தை.

நான் நின்றேன். அவளும் நின்றாள். பனி எங்களைச் சுற்றி மெதுவாக நகர்ந்தது. மடிந்திருந்த அவளுடைய காது நிமிர்ந்தது. பின்னால் படிந்தது. மறுபடி நிமிர்ந்தது. யாரோ தடவிக் கொடுப்பதுபோல...

காற்று என்று சொல்லிக்கொண்டேன். தேயிலைக் கொழுந்து ஒன்றுகூட அசையவில்லை.

பள்ளத்துக்கு வந்து சேர்ந்தோம். அங்கே ஒரு தட்டைக் கல் உண்டு. முன்பு நாங்கள் உட்காரும் கல். உட்கார்ந்தேன். பிரவுனி எனக்கு முன்னால், கொஞ்சம் வலப்பக்கமாக இருந்தாள். தூரத்தில், வேலைக்கு ஆள் கூட்டும் பெரட்டுக்குத் தப்பு அடித்தார்கள். அதே நேரத்தில் காட்டுக்குள்ளிருந்து ஆறுமணிக் குருவி கூப்பிட்டது. இரண்டு தடவை. பிறகு அதுவும் நின்றுவிட்டது.

வெளிச்சம் வர இன்னும் அரைமணி நேரமாயிற்று. காலில் அட்டை ஏறுவது தெரிந்தது. தட்டிவிடவில்லை. அசையாமல் இருந்தேன்.

சரக்...

சருகு.

சரக்... சரக்...

பன்னச் செடிக்கு அடியிலிருந்து அது வெளியே வந்தது. கறுப்பும் வெள்ளையும். மஞ்சள் அலகு. கண்ணுக்கு மேலே அந்த வெள்ளைக் கோடு. பைனாகுலரை மெதுவாகத் தூக்கினேன். ஒவ்வொரு இறகும் தெரிந்தது. ஆறு மாரி காலம் காட்டாத முகத்தை அது எனக்குக் காட்டியது.

பிறகுதான் கவனித்தேன். குருவி தத்தித் தத்தி எங்கள் பக்கமாக வந்துகொண்டிருந்தது. சருகைப் புரட்டிற்று. ஒரு புழுவைக் கொத்திற்று. இன்னும் கிட்ட வந்தது. பிரவுனியின் மூக்குக்கு முன்னால் வந்தது. ஒரு சாண் தூரம்.

பறக்கவில்லை.

அவளை அது பார்க்கவே இல்லை.

கழுத்தைச் சாய்த்து, அவளுடைய முன்கால் இருந்த இடத்திலிருந்து ஒரு சருகை இழுத்தது.

அப்போது என் வலது தோளில் இரண்டு விரல் தட்டியது.

மெதுவாக. இரண்டு தடவை.

பழக்கம் எவ்வளவு பொல்லாதது. நான் யோசிக்கவே இல்லை. கண்ணைக் குருவியிலிருந்து எடுக்காமல், வாரைக் கழுத்திலிருந்து கழற்றி, பைனாகுலரை வலப்பக்கம் நீட்டினேன்.

கையிலிருந்து பாரம் போயிற்று.

அதன் பிறகுதான் எனக்கு விளங்கியது.



நீட்டிய கை அப்படியே இருந்தது. வெறுங்கை.

பக்கத்தில் வளையம் சுற்றும் சத்தம் கேட்டது. கிரீச்... மிக மெல்லிய சத்தம். இருபது வருடம் பக்கத்தில் இருந்து கேட்ட சத்தம்.

திரும்பிப் பார்க்கவில்லை. ஏன் பார்க்கவில்லை என்று பிறகு எத்தனையோ பேர் கேட்டார்கள். அசைந்தால் குருவி போய்விடும். அசைந்தால் அவளும் போய்விடுவாள். அவ்வளவுதான் என் மனதில் இருந்தது.

பிரவுனியின் வால் சருகில் அடித்தது.

டப்... டப்... டப்...

“பாத்திட்டீரோ?” என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.



உள்ளங்கையில் பாரம் வந்தது. விரல் படவில்லை.

பைனாகுலரைக் கண்ணில் வைத்தேன். கலங்கல். எல்லாம் கலங்கல். கண்ணாடியில் மூச்சுப் பட்ட ஈரம். துடைத்தேன். வலப்பக்கத்து வளையத்தைத் திருப்பினேன்...

குருவி போயிருந்தது.

திரும்பினேன். கல்லில் என் பக்கத்தில் யாரும் இல்லை.

பிரவுனி எழுந்து நின்றாள். ஓடையைத் தாண்டிக் காட்டுக்குள் ஏறும் ஒற்றையடிப் பாதை ஒன்று அங்கே உண்டு. விறகு வெட்டுகிறவர்கள் போகும் பாதை. அதில் அவள் ஏறினாள். விசில் அடித்தேன். நின்றாள். தலையைத் தூக்கி, பக்கத்தில் இருந்த வெற்றிடத்தைப் பார்த்தாள். போகலாமா என்று கேட்பதுபோல. பிறகு நடந்தாள்.

என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

“பிரவுனி!” என்று கத்தினேன். பின்னால் ஓடினேன். ஓடையைத் தாண்டி, பாதை முடிந்து பற்றை அடைக்கும் இடம்வரை போனேன். ஒன்றும் இல்லை. ஈர மண்ணில் என் செருப்படி மட்டும் இருந்தது.

சரி, வந்துவிடுவாள் என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால் நான் நாயைப் பற்றி அதிகம் யோசிக்கவில்லை. அழுதுகொண்டு இறங்கினேன். அது துக்க அழுகை இல்லை. அவள் வந்துவிட்டாள். என்னிடம் வந்துவிட்டாள். இனித் தினமும் இங்கே வருவேன் என்று நினைத்துக்கொண்டு வந்தேன்.

வீட்டுக்கு வரும்போது எட்டு மணி இருக்கும். இராக்கம்மா பின்பக்கத்தில் நின்றிருந்தாள். அந்த நேரத்தில் அவள் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருக்க வேண்டும். கொட்டகை வாசலில் ஒரு சாக்கு விரித்திருந்தது.

“எங்க ஐயா போயிட்டீங்க? எம்புட்டு நேரமா கூப்பிடுறேன்.”

“ஏன், என்ன?”

“பால் கொண்டாந்தப்ப பார்த்தேன். ராத்திரியே போயிருக்கணும் ஐயா. வெறச்சிப் போச்சி.”

“எது?”

அவள் சாக்கைத் தூக்கினாள்.

பிரவுனி சுருண்டு படுத்திருந்தாள். மூடிய கண்ணில் எறும்பு. தொட்டேன். கட்டையாக இருந்தது. குளிர்ந்திருந்தது.

“இல்லை” என்றேன். “இப்ப என்னோடதான் வந்தவள். மேல் கணக்குக்கு. இப்பதான்...”

இராக்கம்மா என் கால்களைப் பார்த்தாள். இரண்டு காலிலும் முழங்கால்வரை இரத்தம். விரலிடுக்கெல்லாம் அட்டை. நான் நாயின் பாதத்தைத் தூக்கிப் பார்த்தேன். அந்தப் பள்ளத்துக்குப் போய்வந்தால் அவளுடைய பாதத்தில் அட்டை பிடுங்கவே அரைமணி நேரம் போகும்.

பாதங்கள் காய்ந்திருந்தன. ஒரு புல்கூட ஒட்டியிருக்கவில்லை.

இராக்கம்மா சவர்க்காரமும் சுடுதண்ணீரும் கொண்டுவந்து என் காலைக் கழுவிவிட்டாள். அவளுடைய புருஷன் வந்து குழி வெட்டினான். கொட்டகைக்குப் பின்னால், கொய்யா மரத்தடியில் பிரவுனியைப் புதைத்தோம்.

அதன் பிறகு நான் தினமும் அந்தப் பள்ளத்துக்குப் போனேன். அந்தக் கல்லில் உட்கார்ந்தேன். தோள் பக்கத்தில் இடம் விட்டுத்தான் உட்கார்ந்தேன். சருகுச் சத்தம் கேட்டது. ஆறுமணிக் குருவி கூப்பிட்டது. வேறு ஒன்றும் இல்லை. பங்குனியில் குருவிகள் வடக்கே திரும்பிவிட்டன. அதற்குப் பிறகும் போனேன்.

ஒருநாள் காலை, புறப்பட்டுக்கொண்டிருந்த என்னை இராக்கம்மா மறித்தாள். பால் செம்பைக் குசினிப் படியில் வைத்துவிட்டு நின்றாள்.

“ஐயா, இனி அங்க போகாதீங்க.”

“ஏன்?”

“அங்க யாரும் வரமாட்டாங்க.” சீலைத் தலைப்பை விரலில் சுற்றினாள். “ஒண்ணு சொல்லுவேன். கோவிச்சுக்கக் கூடாது.”

“சொல்லு.”

“நாய் சாகுறதுக்கு முந்தி ஒரு கெழம... மாடு கறந்துட்டு வர்றப்ப, விடியுறதுக்கு முன்னால, அம்மாவப் பார்த்தேன்.”

“எந்த அம்மா?”

“நம்ம அம்மாதான் ஐயா. கொட்டகை வாசல்ல ஒக்காந்து இருந்தாங்க. நாய் அவங்க மடியில தல வச்சிக் கெடந்துச்சி. தடவிக் குடுத்துக்கிட்டே இருந்தாங்க. ஏழு நாளும் பார்த்தேன். எட்டாம் நாள் நாய் மட்டும் கெடந்துச்சி.”

கொட்டகையைப் பார்த்தேன். நான் நின்ற இடத்திலிருந்து கூப்பிடு தூரம்கூட இல்லை. கை நீட்டினால் தொடலாம் போல இருந்தது.

“ஏன் அப்பவே சொல்லேல்லை?”

“சொல்லியிருந்தா நீங்க வீட்டுக்குள்ள இருந்திருப்பீங்களா?” என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரிக்கப் பார்த்தாள். “ஒங்களையும் சேத்து அனுப்பிட்டு நான் யாருக்குப் பால் கொண்டாந்து குடுக்குறது?”

நான் கேட்கக்கூடாது என்று நினைத்தேன். கேட்டேன்.

“வீட்டுப் பக்கம் பார்த்தாளா?”

அவள் கொட்டகைப் பக்கம் பார்த்தாள்.

“இல்லீங்க ஐயா” என்றாள். “ஒரு நாளும் அந்தப் பக்கம் திரும்பல.”